விமானிக்கு ஓராண்டு நோட்டீஸ், விமான நிறுவனத்துக்கு ஒரே நாள்: ராமகுப்பத்துக்கு விமானம் வந்தால் ஓட்டப்போவது யார்?

ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாடு மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது ராமகுப்பம். சித்தூர் மாவட்டம், குப்பம் தொகுதி. 1989-லிருந்து சந்திரபாபு நாயுடு தொடர்ந்து ஜெயித்துவரும் தொகுதி இது. பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் தெலுங்கும் தமிழும் கன்னடமும் காதில் விழும். 2019 தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு, இந்தப் பக்கத்தில் ஒரு விமான நிலையத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு ஆட்சி மாறியது, வேலை நின்றது. 2024-ல் அவர் முதல்வராகத் திரும்பியதும் கோப்பும் திரும்பியது.

அதிலிருந்து பேச்செல்லாம் நிலம் எத்தனை ஏக்கர், ஓடுபாதை எவ்வளவு நீளம் என்பதைச் சுற்றித்தான். பெங்களூரு விமான நிலையம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இது தேவையா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதிகம் பேர் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது: இங்கே வந்து இறங்கும் சிறிய விமானத்தை ஓட்ட ஆள் இருப்பாரா? இருந்தாலும், எவ்வளவு நாள் இருப்பார்?

உங்கள் ஊர் ஆம்பூரோ வாணியம்பாடியோ கிருஷ்ணகிரியோ சேலமோ என்றால், இது உங்கள் கேள்வியும்கூட.

உங்க நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?

ஐடி என்றால் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள். அதற்கே நாம் புலம்புகிறோம். "பை-அவுட் உண்டா?" என்று எச்ஆரிடம் கெஞ்சுகிறோம்.

விமானிக்கு இது சட்டத்தின் வழியாகவே வருகிறது. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ, 2005-ல் விமானிகளுக்கு 6 மாத நோட்டீஸ் என்று விதி போட்டது. 2017 ஆகஸ்ட்டில் அதை மாற்றியது. கேப்டனுக்கு ஓராண்டு, கோ-பைலட்டுக்கு 6 மாதம். பழைய நிறுவனம் தடையில்லாச் சான்று கொடுத்தால் காலம் குறையும். கொடுக்காவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

காரணம் இல்லாமல் போட்ட விதி இல்லை. ஒரு கேப்டனை ஒரே மாதத்தில் தயார் செய்ய முடியாது. விமானிகள் கூட்டமாகக் கிளம்பினால் விமானங்கள் ரத்தாகும், பயணிகள் தவிப்பார்கள். இது பொதுநலன் என்பது டிஜிசிஏ-வின் வாதம். விமானிகள் சங்கங்கள் இதை ஏற்காமல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயின.

அந்த விதியில் ஒரு வரியைக் கவனியுங்கள். நோட்டீஸ் காலத்தில் நிறுவனம் சம்பளத்தைக் குறைத்தாலோ, வேலை நிபந்தனைகளை விமானிக்குப் பாதகமாக மாற்றினாலோ, தன்னை முன்கூட்டியே விடுவிக்கும்படி அவர் கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். சம்பளம் குறைந்ததாலேயே தானாக விடுதலை கிடைத்துவிடாது.

சரி, நிறுவனம் கடையைச் சாத்தினால்? கேப்டன் ஓராண்டுக்கு முன்பே சொல்ல வேண்டும் என்பதற்கு ஜோடியாக, நிறுவனமும் ஓராண்டுக்கு முன்பே சொல்ல வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. 2023 மே 2 அன்று கோ ஃபர்ஸ்ட் தானாகவே திவால் மனு போட்டது. மறுநாள் அதன் விமானங்கள் பறக்கவில்லை.

திருப்பதி ஏற்கெனவே பார்த்த படம்

ராமகுப்பத்தில் நாளை என்ன நடக்கலாம் என்று ஊகிக்க, அதே பழைய சித்தூர் மாவட்டத்தின் திருப்பதி விமான நிலையத்தைப் பார்த்தாலே போதும். பத்தாண்டுக்குள் இரண்டு பிராந்திய நிறுவனங்கள் அங்கே வந்து போயிருக்கின்றன.

முதலாவது ஏர் கோஸ்டா. விஜயவாடாவைத் தளமாகக் கொண்டு 2013 அக்டோபரில் தொடங்கியது. எம்ப்ரயர் ஜெட் விமானங்கள். சென்னை, கோவை, திருப்பதி என்று பறந்தது. 2017 பிப்ரவரி இறுதியில் நின்றது. 'தற்காலிகம்' என்றார்கள். அதன்பின் ஒரு விமானமும் கிளம்பவில்லை.

இரண்டாவது ட்ரூஜெட். நடிகர் ராம் சரண் முகமாக இருந்த ஐதராபாத் நிறுவனம். 2015 ஜூலையில் அதன் முதல் விமானமே ஐதராபாத்திலிருந்து திருப்பதிக்குத்தான். எழுபது பேர் உட்காரும் ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுழலுமே, அந்த வகை. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னை–சேலம் பாதையைத் திறந்ததும் இவர்கள்தான். பல ஆண்டுகள் விமானமே பார்க்காத சேலம் விமான நிலையத்துக்கு உயிர் வந்தது. கொரோனா காலத்தில் அந்தச் சேவை நின்றது. 2022 பிப்ரவரியில் நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. இங்கேயும் அதே வார்த்தை: தற்காலிகம். புது முதலீட்டாளர் வருகிறார் என்று அறிவிப்பு வந்தது, விமானம் வரவில்லை.

தமிழ்நாட்டுப் பட்டியலும் சின்னதில்லை. 2005-ல் தொடங்கி 2010-ல் முடிந்த பாரமவுண்ட், 2016-ல் தொடங்கி மறு ஆண்டே நின்ற கோவையின் ஏர் கார்னிவல். பக்கத்து பெங்களூரில் ஏர் பெகாசஸ், 2015 ஏப்ரலிலிருந்து 2016 ஜூலை வரை. கேப்டனுக்கு விதித்திருக்கும் நோட்டீஸ் காலம் 12 மாதம். ஏர் பெகாசஸ் என்ற நிறுவனம் பறந்ததே சுமார் 15 மாதம்தான்.

எந்த விமானம் ஓட்டத் தெரியும் என்பதுதான் விலை

கார் லைசென்ஸ் இருந்தால் மாருதியும் ஓட்டலாம், மஹிந்திராவும் ஓட்டலாம். விமானத்தில் அப்படி நடக்காது. லைசென்ஸில் எந்த வகை விமானத்துக்கு 'டைப் ரேட்டிங்' இருக்கிறதோ, அதை மட்டும்தான் ஓட்ட முடியும். ஏர்பஸ் ஏ320 வேறு, போயிங் 737 வேறு, ஏடிஆர் வேறு, எம்ப்ரயர் வேறு. வகை மாறினால் திரும்ப வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு. செலவு லட்சங்களில். பல நேரம் விமானியின் கையிலிருந்து, இல்லாவிட்டால் 'இத்தனை ஆண்டு போகமாட்டேன்' என்று எழுதிக்கொடுக்கும் பாண்டின் மேல்.

உங்கள் பாஷையில் சொன்னால், இது டெக் ஸ்டாக் மாதிரி. எல்லாரும் பயன்படுத்தும் மொழியில் நீங்கள் கெட்டி என்றால், கம்பெனி மூடினாலும் அடுத்த வாரம் இன்டர்வியூ. ஒரே ஒரு கம்பெனி மட்டும் வைத்திருக்கும் மென்பொருளில் பத்து வருடம் போட்டிருந்தால்?

கோ ஃபர்ஸ்ட் விமானிகள் முதல் வகை. அவர்கள் ஓட்டியது ஏ320. நாட்டின் மிகப்பெரிய நிறுவனமான இண்டிகோவும் அதைத்தான் ஓட்டுகிறது, ஏர் இந்தியாவும் ஓட்டுகிறது. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்குக் கொடுத்தது. அதனால் கோ ஃபர்ஸ்ட் விழுந்த சில நாட்களிலேயே ஆள்சேர்ப்பு முகாம்கள் தொடங்கிவிட்டன. போகாமல் இருந்தால் கேப்டனுக்கு மாதம் ஒரு லட்சம், கோ-பைலட்டுக்கு ஐம்பதாயிரம் கூடுதலாகத் தருவதாக கோ ஃபர்ஸ்ட் நிர்வாகம் சொல்லிப் பார்த்தது. நிறுவனம் திரும்பப் பறக்கவே இல்லை; 2025 ஜனவரியில் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முதல் வாரமே கிளம்பியவர்கள் பிழைத்தார்கள்.

ஏர் கோஸ்டா விமானிகள் இரண்டாவது வகை. 2017-ல் அவர்களுடைய எம்ப்ரயரை இந்தியாவில் வேறு எந்தப் பயணிகள் விமான நிறுவனமும் ஓட்டவில்லை. பெங்களூரின் ஸ்டார் ஏர் சின்ன எம்ப்ரயர் விமானங்களோடு வந்தது 2019-ல். கொஞ்சம் பெரிய எம்ப்ரயர் 175-ஐக் கொண்டுவந்தது 2023-ல். நடுவில் இருந்த ஆண்டுகளில் அந்த டைப் ரேட்டிங்குக்கு உள்நாட்டில் சந்தையே கிடையாது.

ஏடிஆர் விமானிகள் நடுவில் மாட்டியவர்கள். ஒரு காலத்தில் அவர்களுக்கும் வாசல்கள் குறைவு. 2017 இறுதியில் இண்டிகோ ஏடிஆர் வாங்கி, ஐதராபாத்திலிருந்தே பறக்க ஆரம்பித்ததும் கணக்கு மாறியது. அது ட்ரூஜெட்டின் சொந்த ஊர். அதே ஊரில், அதே விமானத்தை ஓட்ட, பல மடங்கு பெரிய முதலாளி. வீடுகூட மாற்ற வேண்டாம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

துருப்பிடிக்கும் லைசென்ஸ்

"நிறுவனம் கஷ்டத்தில் இருக்கும்போது விட்டுட்டுப் போறது துரோகம் இல்லையா?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். துரோகம் என்று சொல்வதற்கு முன், தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம்.

பயணிகளோடு பறக்க வேண்டுமானால், கடந்த 90 நாட்களுக்குள் குறைந்தது மூன்று முறை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறன் சோதனை. மருத்துவத் தகுதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் வேலையில் இருக்கும்வரை நிறுவனத்தின் செலவு. விமானம் தரையில் நின்றால் மூன்று மாதத்தில் இந்தத் தகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். மீட்டெடுக்க சிமுலேட்டருக்கு நீங்களே பணம் கட்ட வேண்டும், அதுவும் சம்பளம் வராத மாதங்களில்.

அடுத்தது சீனியாரிட்டி. நிறுவனம் மாறினால் பெரும்பாலும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். எந்த ஊர் தளம், எப்போது கேப்டன் பதவி, தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, எல்லாம் அந்த வரிசையைப் பொறுத்தது. ஆக, போவதென்றால் சீக்கிரம் போவதுதான் லாபம். உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்களுக்கு ஜூனியர்.

சம்பள பாக்கியும் இருக்கிறது. திவால் சட்டத்தின்படி ஒரு நிறுவனத்தைக் கலைக்கும்போது, 'தொழிலாளர்' என்று கணக்கிடப்படுபவர்களின் 24 மாத பாக்கி, அடமானக் கடன் கொடுத்த வங்கிகளோடு ஒரே படியில் நிற்கும். மற்ற ஊழியர்களுக்கு 12 மாத பாக்கி மட்டும், அதுவும் ஒரு படி கீழே. சொந்தமாக விமானம்கூட இல்லாமல் எல்லாம் குத்தகைக்கு எடுத்த நிறுவனத்தில், கீழ்ப்படிக்கு வந்து சேர என்ன மிஞ்சும்?

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், வதந்தி கிளம்பிய நாளிலேயே ரெஸ்யூமே அனுப்புவதுதான் ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனியாகப் புத்திசாலித்தனம். எல்லாரும் புத்திசாலித்தனமாக நடந்தால் நிறுவனம் படுத்துவிடும். வங்கியில் எல்லாரும் ஒரே நாளில் பணம் எடுக்க ஓடுவது மாதிரிதான். இதில் முதலில் வெளியேறுவது அனுபவமுள்ள கேப்டன்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் கேட்பாடு. கடைசியில் மாட்டுவது பெற்றோரின் வீட்டை அடகு வைத்துப் படித்துவிட்டு, முந்நூறு நானூறு மணி நேரம் மட்டும் பறந்திருக்கும் கோ-பைலட்.

43 பேர் போனதற்கு ஒரு நீதிமன்றக் கதை

சின்ன நிறுவனத்தில் இது எவ்வளவு வேகமாக வலிக்கும் என்பதற்கு ஆகாசா ஏர் உதாரணம். 2022 ஆகஸ்ட்டில் தொடங்கிய நிறுவனம். ஓராண்டில் 20 விமானங்கள். 2023-ல் அதன் விமானிகள் 43 பேர் நோட்டீஸ் காலத்தை முடிக்காமலேயே கிளம்பினார்கள். ஆகஸ்ட்டில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்ய வேண்டியிருந்தது என்று நிறுவனம் நீதிமன்றத்தில் சொன்னது. மும்பை உயர் நீதிமன்றத்தில் விமானிகள் மீது நஷ்டஈடு வழக்கு. டெல்லி உயர் நீதிமன்றத்தில் டிஜிசிஏ நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இன்னொரு வழக்கு.

டிஜிசிஏ என்ன சொன்னது தெரியுமா? விமானிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான வேலை ஒப்பந்தத்தில் நாங்கள் தலையிட முடியாது என்றது. ஓராண்டு நோட்டீஸ் என்று விதி எழுதியதும் இதே டிஜிசிஏதான்.

20 விமானம் வைத்திருந்த நிறுவனத்துக்கே இந்தக் கதி. மூன்று ஏடிஆர் வைத்திருக்கும் நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். ஓய்வு, லீவு, பயிற்சி எல்லாம் போக ஒரு விமானத்தைத் தினமும் பறக்கவைக்க ஐந்து ஜோடி விமானிகளாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் சேர்த்து 15 கேப்டன்கள். அதில் ஐந்து பேர் ஒரே மாதத்தில் கிளம்பினால் ஒரு விமானம் நின்றுவிடும். நிற்கும் விமானத்துக்கும் வாடகை ஓடும். எந்த ஊர் பாதையை முதலில் வெட்டுவார்கள்? நிச்சயமாக ஐதராபாத்–பெங்களூரு இல்லை.

65 பேர்

2025 டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் ஆபீசில் யாராவது ஒருவர் விமான நிலையத்தில் மாட்டியிருப்பார். நவம்பர் 1-லிருந்து விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகள் முழுமையாக அமலுக்கு வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. இரவில் தரையிறக்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இண்டிகோவின் அட்டவணை சரிந்தது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து.

அப்போது வெளிவந்த கணக்கு ஒன்று என் மண்டையிலேயே நிற்கிறது. புதிய விதிப்படி இண்டிகோவின் ஏர்பஸ் விமானங்களுக்குத் தேவைப்பட்ட கேப்டன்கள் 2,422. இருந்தவர்கள் 2,357. குறைவு 65 பேர். கோ-பைலட்டுகளோ தேவைக்கும் அதிகமாகவே இருந்தார்கள்.

நாட்டில் விமானிகளுக்குப் பஞ்சம் என்று தலைப்பு போடும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. 2023-ல் மட்டும் டிஜிசிஏ 1,622 வணிக விமானி உரிமங்கள் வழங்கியது. 200 மணி நேரம் பறந்தால் அந்த உரிமம் கிடைக்கும். கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம். அந்த 1,300 மணி நேர இடைவெளியை எங்கே பறந்து நிரப்புவது? யாராவது கோ-பைலட்டாக எடுத்தால்தான் உண்டு. பிராந்திய நிறுவனங்கள் பலருக்கு அந்த இடத்தைக் கொடுக்கின்றன. சின்ன ஓடுபாதை, ஒரு நாளில் நாலைந்து தரையிறக்கம், மேட்டூர் மழையும் ரேணிகுண்டா காற்றும். அங்கே பழுத்த பிறகு பெரிய நிறுவனம் வந்து பறித்துக்கொண்டு போகிறது. பயிற்சிச் செலவு சின்ன நிறுவனத்துக்கு, பலன் பெரிய நிறுவனத்துக்கு.

ஓய்வு விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. தூக்கம் இல்லாத கேப்டனோடு பறக்க யாரும் விரும்பமாட்டோம். ஆனால் பெரிய நிறுவனத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படும் ஒவ்வொரு கேப்டனும் எங்கேயோ ஒரு சின்ன விமானத்திலிருந்து எழுந்து வரக்கூடியவர்.

774 பாதைகள், மிஞ்சியது 54

உடான் திட்டத்தைப் பற்றி தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்ட்டில் கொடுத்த அறிக்கையைக் கொஞ்சம் புரட்டுங்கள். முதல் மூன்று சுற்றுகளில் கொடுக்கப்பட்ட பாதைகள் 774. அதில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்றாண்டு மானியக் காலத்தை முழுதாக முடித்தவை 112. அதற்குப் பிறகும், 2023 மார்ச் நிலவரப்படி, ஓடிக்கொண்டிருந்தவை 54. நூற்றுக்கு ஏழு.

விமான நிலையம் தயாராகாதது, வருமானம் வராதது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. விமானிகள் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் மானியம் மூன்றாண்டில் முடியும் என்பது விமானிக்கும் தெரியும். இரண்டாவது ஆண்டிலேயே அவர் அடுத்த இடத்தைப் பார்க்க ஆரம்பித்தால் யாரைக் குறை சொல்ல? அரசு கொடுக்கும் மானியம் காலி இருக்கைகளுக்குப் போகிறது. ஓட்டுபவரைத் தக்கவைக்க அதில் தனியாக எதுவும் ஒதுக்கவில்லை.

நோட்டீஸ் காலத்தை நீட்டுவது தீர்வாகாது என்பது என் கணிப்பு. ஓராண்டு விதி வந்தபிறகுதான் ட்ரூஜெட் நின்றது, அதன்பிறகுதான் 43 பேர் போனார்கள். மாறாக, இரண்டு மாதம் சம்பளம் தவறினால் நோட்டீஸ் தானாகவே ரத்து என்று ஒரு வரி சேர்த்தால், நிறுவனங்கள் விமானிகளின் சம்பளத்தைக் கடைசி வரிசையில் தள்ளாது. ஆளைப் பறிக்கும் நிறுவனம், பயிற்சி கொடுத்த நிறுவனத்துக்கு டைப் ரேட்டிங் செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் யோசிக்கலாம். கால்பந்தில் இளம் வயதில் பயிற்சி கொடுத்த கிளப்புக்கு இப்படித்தான் பணம் போகிறது. பெரிய நிறுவனங்களுக்கு இது பிடிக்காது. அதனால் எளிதில் நடக்காது.

இப்போதைய நிலவரம் இது. சேலத்துக்கு 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் திரும்ப வந்தன, இரண்டுமே ஏடிஆரோடு. வேலூர் விமான நிலையம் உடானில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் பயணிகள் விமானத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறது. 2025 டிசம்பரில் கேரளாவின் அல் ஹிந்த் ஏர், ஐதராபாத்தின் ஃப்ளைஎக்ஸ்பிரஸ் ஆகிய புது நிறுவனங்களுக்கு மத்திய அரசு தடையில்லாச் சான்று கொடுத்தது. பறப்பதற்கான உரிமம் வேறு, அதற்கு முன்னால் விமானமும் விமானிகளும் கையில் இருந்தாக வேண்டும். அல் ஹிந்தின் திட்டம் ஏடிஆரோடு தொடங்குவது. அதை ஓட்டத் தெரிந்த கேப்டன்கள் இன்றைக்கு இண்டிகோவிலும் அலையன்ஸ் ஏரிலும் கோவாவின் ஃப்ளை91-லும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர்தான் இந்த வாரமும் சேலத்துக்கு உங்களை ஏற்றிவருகிறவர்கள்.